தைத்த விரல் ஏன் அசையவில்லை: பவர் பிரஸ் விபத்துக்குப் பின்னான ஓராண்டு

பின்புலம்

இந்த ஆய்வு, மேற்குத் தமிழகத்தின் தொழில் நகரொன்றின் புறநகரில், மோட்டார்களுக்கான தகடுகளை வெட்டித் தரும் சிறிய ஸ்டாம்பிங் பட்டறையில் ஆறு ஆண்டுகளாகப் பவர் பிரஸ் ஓட்டிவந்த 34 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது. அவர் கணவர் பெயிண்டர். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது என்பதால், வீட்டின் நிலையான வருமானம் மனைவியுடைய வாரச் சம்பளந்தான். வீட்டில் 13 வயது மகளும் 9 வயது மகனும் இருந்தனர். இரண்டு மகளிர் குழுக்களில் கடன் வாங்கியிருந்தார்கள். வாரந்தோறும் தவணை கட்ட வேண்டும். இதற்கு முன் அவருக்கு மனநலச் சிக்கல் எதுவும் இருந்ததில்லை.

அவருடைய ஒப்புதலுடன் இது எழுதப்படுகிறது. ஊர், நிறுவனம், மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்கள் விடப்பட்டுள்ளன. எழுதுபவர் அவருக்குக் கைப்பயிற்சி அளித்த சிகிச்சையாளர்; ஆகவே அறுவை நுட்பத்தைவிட, அறுவைக்குப் பின் பயிற்சி அறையில் நடந்தவற்றுக்கே இங்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

விபத்தும் அறுவையும்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மாலை ஷிப்டில் விபத்து நேர்ந்தது. காலால் பெடலை மிதித்தால் ஒருமுறை மட்டும் இறங்கி ஏற வேண்டிய பிரஸ், ஏறிய கையோடு மறுபடியும் இறங்கியது. பட்டறைகளில் இதை ‘ரிப்பீட்’ என்பார்கள். கிளட்ச் சாவி தேய்ந்த பழைய இயந்திரங்களில் இது அபூர்வமன்று. வெட்டிய தகட்டை எடுக்க உள்ளே நீட்டியிருந்த வலக்கையின் ஆள்காட்டி விரல் நடு எலும்பில் நசுங்கித் துண்டானது. தகட்டை வெட்டும் அச்சான டையின் விளிம்பு நடுவிரலின் உள்ளங்கைப் பக்கத்தில் இறங்கி, விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டையும், ஒரு பக்கத்து நரம்பையும் இரத்தக்குழாயையும் வெட்டியது. மோதிர விரலின் நுனியில் தோல் மட்டும் கிழிந்தது. (இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும் ஏற்பாட்டைத்தான் எல்லோரும் பாதுகாப்பு என்கிறார்கள். இத்தகைய கிளட்ச் உள்ள பிரஸ் தானாக மறுமுறை இறங்கும்போது அந்தப் பொத்தான்களால் பயனில்லை. விரல் நுழையவே இடம் தராத நிலையான தடுப்புத்தான் கையைக் காக்கும்.)

துண்டான விரலைச் சக பணியாளர் ஒருவர் ஐஸ் கட்டிகளுக்குள் நேரடியாகப் போட்டுக் கொண்டுவந்தார். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டி, அந்த உறையைத்தான் ஐஸின் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டுவிடும். இந்த நிகழ்வில் அதனால் முடிவு மாறவில்லை. விரல் நசுங்கியிருந்ததால் மறுபடி பொருத்தும் வாய்ப்பே இருக்கவில்லை.

அன்றிரவே அறுவை நடந்தது. கைக்குச் செல்லும் நரம்புகளுக்கு ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். ஆள்காட்டி விரலின் எலும்பு முனை சீராக்கப்பட்டுத் தோல் மூடப்பட்டது. நடுவிரலின் தசைநாண்கள் தைக்கப்பட்டன. நுண்ணோக்கியின் கீழ் நரம்பும் இரத்தக்குழாயும் இணைக்கப்பட்டன. அறுவை நோக்கில் நல்ல வேலை. ஆனால் இத்தனை நேரமும் நோயாளி விழித்திருந்தார் என்பதைப் பின்னால் வருவனவற்றுக்காக இங்கே குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

முதல் ஐந்து வாரங்களில் கண்டவை

மடக்கு தசைநாணைத் தைத்தபின் வரும் வாரங்களில் சிகிச்சையாளருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. அசைக்காமல் விட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போகும். பலத்தோடு அசைத்தால் தையல் அறுந்துவிடும். முதல் மூன்று வாரங்களில் தைத்த இடம் மிகவும் பலவீனமாக இருக்கும். ஆகவே மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு மடங்கிய நிலையில் இருக்கும்படி புறங்கையில் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் (தாங்குபட்டை) பொருத்தி, அதற்குள்ளேயே மென்மையான அசைவுகளைச் சில நாட்களுக்குள் தொடங்குகிறோம். ஸ்பிளின்ட் ஆறு வாரம்; முழு பலத்துடன் பயன்படுத்த ஏறத்தாழ பன்னிரண்டு வாரம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை நோயாளியே பயிற்சி செய்ய வேண்டும். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது.

இரண்டாம் வாரத்திலிருந்து கவனத்துக்கு வந்தவை வருமாறு. அவர் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வருவார். கட்டுப் பிரிக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். மறுபடி கட்டி முடித்ததாகச் செவிலியர் சொன்ன பிறகே திரும்புவார். பயிற்சியைக் குறிக்கத் தந்த அட்டையில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் போட்டதுபோல் டிக் இருந்தது, போட்டவர் கணவர். நாங்கள் மடக்கினால் நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. அவரையே மடக்கச் சொன்னால் அசைவு ஏறக்குறைய இல்லை. ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றார். ‘வீட்டில் செய்கிறீர்களா’ என்றால் தலையை ஆட்டினார். கோப்பில் ‘ஒத்துழைப்பு குறைவு’ என்ற குறிப்பு ஏறியது. அதற்கடுத்த வருகையில் மற்றொரு பணியாளரும் அதையே எழுதினார். இத்தகைய குறிப்பு ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், பின்னால் பார்ப்பவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் நோயாளியைப் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் வாரத்தில் நடுவிரலின் நடு மூட்டும் நுனி மூட்டும் சேர்ந்து அவராக மடக்கிய அளவு 60 பாகை. இயல்பான கையில் இது 175 பாகையாகக் கொள்ளப்படுகிறது. தசைநாண் அறுந்துவிட்டதா என்ற ஐயம் எழுந்தது. மணிக்கட்டைப் பின்னோக்கிச் சாய்த்தபோது விரல் தானாக மடங்கியதால், தசைநாண் அறவில்லை என்று அறுவை மருத்துவர் முடிவு செய்தார். கடும் வலியும் வீக்கமும் நிறமாற்றமும் வியர்வையுமாக வரும் வலித்தொகுப்பு நோயா என்றும் பார்த்தோம். அதற்கான அறிகுறிகள் இல்லை. உடல் சார்ந்த காரணங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகும், விரல் ஏன் அசையவில்லை என்பதற்கு விடை இல்லாமலே இருந்தது.

அந்த வாரத்தில்தான், பயிற்சி அறையில் எவரோ ஸ்டீல் தட்டு ஒன்றைத் தரையில் தவறவிட்டார்கள். நோயாளி நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் குந்தி, வலக்கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டு, சில நிமிடங்கள் பேச்சின்றி இருந்தார். உடலெல்லாம் நடுங்கியது. அவரை அமைதிப்படுத்திய பின், அதுவரை எங்கள் படிவம் எதிலும் இடம்பெறாத ஒரு கேள்வியைக் கேட்டேன்: ‘ராத்திரி தூங்குறீங்களா?’

அவர் சொன்னவை

அன்று அவர் பேசியது மிகக் குறைவு. எஞ்சியதை உடன் வந்த மகள் சொன்னாள். அம்மா விளக்கை அணைக்க விடுவதில்லை. மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய்விடுகிறார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடக்கையில் ஸ்பூனால் சாப்பிடுகிறார். ரேஷன் கடையில் எல்லோர் முன்னாலும் விரல் ரேகை வைக்க வேண்டியிருப்பதால் அங்கே போவதில்லை, அப்பாவைத்தான் அனுப்புகிறார். கட்டு நனையாமல் அம்மாவுக்குத் தலைவாரிவிடுவதும் சமைப்பதும் இவள்தான்; பள்ளிக்கும் ஒழுங்காகப் போகவில்லை.

அடுத்தடுத்த இரு அமர்வுகளில் அவரே பேசினார். கனவில் பிரஸ் இறங்குவதில்லை. இறங்கி முடிந்த பிறகு, மணிக்கட்டுக்கு மேல் கையே இல்லாமல் நிற்பதாகத்தான் கனவு வருகிறது. பகலிலும் அந்தக் காட்சி வந்துபோகிறது. கை விபத்துக்குள்ளானவர்களின் மீள்காட்சிகளைப் பற்றி 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியபோது அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விபத்துக்கு முந்தைய கணங்கள் அப்படியே திரும்ப ஓடுவது, காயம்பட்ட கையின் தோற்றம் மட்டும் தெரிவது, நடந்ததைவிட மோசமானது நடந்ததாகத் தெரிவது. முதல் வகையினர் வேலைக்குத் திரும்புவது மற்ற இரு வகையினரைவிட எளிதாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. இவருக்கு வந்தது மூன்றாம் வகை. இதை அறிந்தது, பின்னர் வேலைக்குத் திரும்புவது பற்றி அவசரப்படாமலிருக்க எங்களுக்கு உதவியது.

விரல் அசையாததற்கான காரணம் அடுத்து வந்தது. அறுவை அரங்கில் திரைத்துணிக்கு இந்தப் பக்கம் விழித்தபடி படுத்திருந்தபோது, ‘இது போயிடுச்சு, அடுத்ததைப் பார்ப்போம்’ என்று எவரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆள்காட்டி விரலைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்ன சொல் அது. அவரோ, நடுவிரலும் போகவிருக்கிறது, ஒப்புக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். இதன்மேல், முதல் நாளிலிருந்தே நாங்கள் எச்சரித்து வந்தோம்: பாத்திரம் தூக்காதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், தையல் அறுந்துவிடும். எச்சரிக்கை தேவையானதுதான். ஆனால் அவர் அதைக் கேட்ட விதம் வேறாக இருந்தது.

‘அசைச்சா கழண்டு உளுந்துருமுன்னு இருந்தேனுங்க மேடம். இருக்கறதையாச்சும் காப்பாத்திக்கலாமுன்னு.’

விரலை அசைக்காமலிருந்ததுதான், அவர் அறிவுக்கு எட்டியவரை, சிகிச்சைக்கு அவர் கொடுத்த ஒத்துழைப்பு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் பாதுகாப்பு. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலைத் தமிழில் வாசித்துக் கேட்டோம். மொத்தம் 27இல் 10ஐத் தொட்டாலே கவனம் தேவை. அவருக்கு 17 வந்தது. ஒன்பதாம் கேள்வி, உயிரோடு இல்லாமலிருப்பதே மேல் என்ற எண்ணம் வருகிறதா என்பது. சில நாட்களில் வருகிறது என்றார். இதற்குமேல் கேட்கத் தயங்குபவர்கள் உண்டு. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் அடிப்படையற்றது. திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா என்று நேராகவே கேட்டோம். இரண்டுக்கும் இல்லை என்றார். அவர் சம்மதத்துடன் கணவரிடம் பேசி, வீட்டிலிருந்த மாத்திரைகளைக் கணவர் பொறுப்பில் வைக்கச் செய்தோம். இரவில் அழைக்க, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தோம்.

அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றபோது அவர் மறுத்தார். எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். மனநலப் பிரிவின் வாசலில் சொந்தக்காரர் எவராவது பார்த்துவிட்டால் நாளை மகளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்பது மாமியாரின் கவலை. இதை வாதிட்டு வெல்ல முயலவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் நிலைமையைச் சொன்னோம். அவரே அன்று பிற்பகல் கைப் பிரிவுக்கு வந்து, பயிற்சி அறையின் ஓரத்தில் அமர்ந்து பேசினார். பார்ப்பவருக்கு அது இன்னொரு கை மருத்துவர் வந்ததுபோலத்தான் இருந்திருக்கும். முதல் மூன்று சந்திப்புகள் இப்படியே நடந்தன; அதன்பின் நோயாளியே மனநலப் பிரிவுக்குப் போகத் தொடங்கினார்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அறிகுறிகள் நீடித்ததால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயும் அதனுடன் மனச்சோர்வும் இருப்பதாக மனநல மருத்துவர் முடிவு செய்தார். செர்ட்ராலின் மாத்திரை தொடங்கப்பட்டது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்பது தம்பதியர் இருவருக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. தூக்க மாத்திரை வேண்டும் என்று கணவர் கேட்டார். இந்த நோயில் அவ்வகை மாத்திரைகள் மீட்சிக்கு உதவுவதில்லை, பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு என்பதால் தரப்படவில்லை. உளவியலாளருடன் வாரம் ஒருமுறை அமர்வு ஏற்பாடாயிற்று.

பயிற்சி அறையில் செய்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது ஸ்கேன். தசைநாண் நகர்வதை அல்ட்ராசவுண்டில் நேரடியாகப் பார்க்க முடியும். ஆறாம் வாரத்தில் அறுவை மருத்துவர் அவரைத் திரை முன் அமரவைத்து, அவர் விரலை மெல்ல அசைக்க அசைக்க, தைத்த தசைநாண் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதைக் காட்டினார். ‘இது உங்க நரம்புதாம்மா, ஒட்டிக்கிச்சு, அறுந்துபோகல’ என்றார். (மருத்துவர்களே தசைநாணை நரம்பு என்றுதான் நோயாளிகளிடம் சொல்கிறார்கள், திருத்த எனக்கு மனம் வரவில்லை.) அதே நாளில், திரையைப் பார்த்தபடியே, முந்தைய வாரங்கள் எதிலும் மடக்காத அளவு அவர் மடக்கினார். ஐந்து வாரம் நாங்கள் பேசிப் பெறாத பலன் அது.

எச்சரிக்கையின் மொழியையும் மாற்றினோம். ‘இதைச் செய்தால் அறுந்துவிடும்’ என்பதை விடுத்து, ‘இந்த வாரம் இவ்வளவு தூரம் மடக்கலாம், தையல் தாங்கும்’ என்று சொல்லத் தொடங்கினோம். மருத்துவச் செய்தி ஒன்றேதான். கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது முதலாவதில் அச்சம், இரண்டாவதில் அளவு.

கையைப் பார்ப்பது தனிப் பயிற்சியாயிற்று. முதலில் துணிக்கு மேலாக இடக்கையால் தடவுதல். பின் வெதுவெதுப்பான நீருக்குள் வைத்துத் தடவுதல். பின் தண்ணீர்வழியே பார்த்தல். பின் நேராகப் பார்த்தல். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை அவரே தீர்மானித்தார். இல்லாத விரல்நுனியில் அரிப்பு எடுப்பதாகச் சொல்லிக் கூச்சப்பட்டார்; தனக்கு மூளை கோளாறாகிவிட்டதோ என்று அதுவரை எவரிடமும் சொல்லவில்லையாம். துண்டான உறுப்பில் உணர்வு இருப்பது மிகச் சாதாரணம் என்று விளக்கி, கண்ணாடிப் பயிற்சியைத் தொடங்கினோம். இடக்கையின் பிம்பத்தை வலக்கை இருக்கும் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து, இரு கைகளையும் ஒருசேர அசைக்கும் இந்த முறையை 1990களில் உருவாக்கியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த விளையனூர் ராமச்சந்திரன். கண்ணாடி பொருத்திய பெட்டிக்குள் மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று கண்டு நோயாளி சிரித்தார். எங்கள் அறையில் அவர் சிரித்தது அதுவே முதல் முறை. அரிப்பு சில வாரங்களில் குறைந்தது.

வெட்டுமுனையின் கூச்சத்தைக் குறைக்க அரிசி, கேழ்வரகு, பச்சைப்பயறு ஆகியவற்றுக்குள் கையை அளையவிட்டோம். பந்தைப் பிசையும் பயிற்சியை அவர் விரும்பவில்லை. அதற்கு மாற்றாக, கட்டைவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து உருண்டை பிடிக்கும் பயிற்சியை வைத்தோம். முதலில் மைதா மாவு, பிறகு குழைந்த சோறு. வலக்கையால் சாப்பிடுவதுதான் தமக்கு வேண்டிய இலக்கு என்று சொன்னவர் அவர். பிடிப்பு வலிமையைக் கிலோவில் அளந்து இலக்கு வைத்த எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் கையால் எழுதினோம்.

இல்லாத விரல்போலத் தோன்றும் சிலிக்கான் விரலுறை வாங்கித்தர உறவினர்கள் ஆர்வமாக இருந்தார்கள். உடனே வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெட்டுமுனை சுருங்கி வடிவம் நிலைப்பதற்கு மாதங்கள் ஆகும் என்பது ஒரு காரணம். கையை அவர் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே அதை மூடிவிட்டால், பார்க்காமலே காலம் கழிக்க நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும் என்பது இன்னொன்று.

பணமும் தவணையும்

மருந்தும் ஆறுதலும் தொடங்கிய பிறகும் மூன்று வாரங்கள் முன்னேற்றம் மந்தமாகவே இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் குழுக் கடன் வசூலிப்பவர் வாசலில் வந்து உட்காருகிறார் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் கண்டறிந்தார். பட்டறை இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவது. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையில் காயமடைந்தவருக்கு வேலை செய்ய இயலாத காலம் முழுதும் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு அளவில் தற்காலிக ஊனப் பயன் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் விபத்து அறிக்கையே தாக்கலாகவில்லை. ‘ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், அலுவலகத்துக்கெல்லாம் போக வேண்டாம்’ என்று உரிமையாளர் சொன்னதை நம்பி இவர்களும் கேட்கவில்லை. முதல் மாதத்துக்குப் பின் அந்தப் பணமும் நின்றது.

இதில் தலையிடுவது சிகிச்சைப் பிரிவின் வேலையா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. தவணைக்காரர் வாசலில் இருக்கும் வீட்டில் எந்த உளவியல் அமர்வும் நிலைக்காது என்பதால், ஆம் என்று முடிவு செய்தோம். சமூகப் பணியாளர் உரிமையாளரைச் சந்தித்து, அறிக்கை தராமலிருப்பதன் சட்ட விளைவுகளை எடுத்துச் சொன்னார். அறிக்கை தாக்கலாகி, மூன்றாம் மாத இறுதியில் நிலுவையோடு பணம் வந்தது. அதற்கடுத்த பதினைந்து நாட்களில் அவர் தூக்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தை மருந்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

வேலைக்குத் திரும்புதல்

பன்னிரண்டாம் வாரத்தில் உரிமையாளர் அவரை அழைத்தார். ‘லேசான வேலை’ என்று அவர் சொன்னது, அதே பிரஸ்ஸில் சிறிய டை. கையளவில் பார்த்தால் தகுதிச் சான்று தந்திருக்கலாம். நடுவிரல் 98 பாகை மடங்கியது. ஆனால் நடுவிரலின் ஒரு பக்கத்தில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. இயந்திரச் சத்தத்தில் அவர் கை இன்னமும் திடீரென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிரஸ் முன் அமர்பவருக்கு அந்தத் திடுக்கிடலே ஆபத்து. ஆகவே பிரஸ் வேலைக்குத் தகுதியில்லை, சோதனை மற்றும் பேக்கிங் வேலைக்குத் தகுதி உண்டு என்று பிரித்துச் சான்று எழுதப்பட்டது. அத்தகைய இடம் காலியில்லை என்று பதில் வந்தது. நாங்களும் காத்திருந்தோம்.

காத்திருந்த மாதங்களில் உளவியலாளருடன் சேர்ந்து படிப்படியாகப் பட்டறையை நெருங்கும் திட்டம் நடந்தது. முதலில் கைபேசியில் பதிவு செய்த பிரஸ் சத்தம். பிறகு பட்டறை இருக்கும் தெருவில் கணவருடன் நடத்தல். பிறகு விடுமுறை நாளில் இயந்திரங்கள் நின்றிருக்கும்போது உள்ளே போதல். இயந்திரம் ஓடும்போது உள்ளே நின்ற முதல் நாளில் அவர் வாந்தி எடுத்தார். அடுத்த வாரம் அதே படியைத் திரும்பச் செய்தோம், மேலே போகவில்லை. ஏழாம் மாதத்தில் சோதனைப் பிரிவில் இடம் கிடைத்தது. உற்பத்தி ஊக்கத்தொகை கிடையாது என்பதால் கைக்கு வரும் சம்பளம் முன்பைவிடக் குறைவு.

ஆறாம் மாதத்தில் அறுவை மருத்துவர் ஒரு வாய்ப்பை முன்வைத்தார். ஒட்டிக்கொண்டிருக்கும் தசைநாணை இன்னொரு அறுவையால் விடுவிக்கலாம். இந்த அறுவையில் நோயாளி விழித்திருந்து, மேசைமேலேயே விரலை மடக்கிக் காட்டினால்தான் எவ்வளவு விடுபட்டது என்பது தெரியும். அதாவது முதல் அச்சம் பிறந்த அதே நிலைமைக்கு அவர் திரும்பப் போக வேண்டும். அப்போது 121 பாகை மடங்கிய விரலுக்கு இன்னும் கிடைக்கக்கூடியது சிறிதளவே. அவர் வேண்டாம் என்றார். மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டார். விரலின் அளவை மட்டும் பார்த்திருந்தால் எங்கள் பரிந்துரை வேறாக இருந்திருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

எட்டாம் மாதத்தில் நிரந்தர ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழுவின் முன் போக வேண்டியிருந்தது. சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுக்கள் போனால் 11 விழுக்காடு. நடுவிரலின் விறைப்புக்குத் தனி மதிப்பீடு. அவர் கையை மேசைமேல் வைத்துப் புரட்டிப் பார்த்தபடியே விழுக்காட்டைத் தங்களுக்குள் பேசினார்கள். முறைப்படி அதில் தவறு எதுவுமில்லை. ஆனால் அன்றிரவே கனவுகள் திரும்பின. இரண்டு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. மருந்தின் அளவை மாற்றாமல், உளவியலாளர் கூடுதலாக மூன்று அமர்வுகள் கொடுத்தார். சரிந்த நிலை மீண்டது. அட்டவணையில் விரல்களுக்கும் கணுக்களுக்கும் தனித்தனி வரி உண்டு. இயந்திரத்தின் முன் அமர முடியாமல் போனதற்கு வரி இல்லை. அவருடைய சம்பளம் குறைந்தது எதனால் என்று கேட்டால், விரலைவிட இதுதான் பெரிய காரணம்.

ஓராண்டு முடிவில் அளந்தவை: நடுவிரல் 128 பாகை, அதாவது இயல்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு, பிடிப்பு வலிமை இடக்கையில் 24 கிலோ, வலக்கையில் 15 கிலோ, ஒன்பது கேள்விப் பட்டியலில் 6. வீட்டில் வலக்கையால் சாப்பிடுகிறார். பந்தியில் இன்னும் உட்காருவதில்லை. கல்யாண வீடுகளுக்குச் சிலிக்கான் விரலுறை அணிந்து போகிறார், வேறெங்கும் அணிவதில்லை. மிக்ஸி ஓடும்போது அடுப்படியில் இருக்கிறார். பிரஸ் ஓடும் கூடத்துக்குள் தேவையில்லாமல் போவதில்லை. போகவேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. மனநல மருந்து ஓராண்டைத் தாண்டித் தொடர்கிறது. மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்.

மாற்றியவையும் மாறாதவையும்

இந்த நிகழ்வுக்குப் பிறகு, முதல் கட்டு மாற்றும் நாளிலேயே மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: தூக்கம் எப்படி இருக்கிறது, கையைப் பார்த்தீர்களா, விபத்து திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறதா. முதல் சில வாரங்களில் ‘ஆம்’ என்பவர்கள் எல்லோருக்கும் நோய் என்று பொருளில்லை. பெரும்பாலானோருக்கு அது தானே தணிந்துவிடும். ஆகவே அதே கேள்விகள் ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கப்படுகின்றன. அப்போதும் நீடித்தால் மனநல மருத்துவருக்குத் தகவல் போகிறது. கைப் பிரிவுக்கு அவர் வரும் நாள் இப்போது நிலையாகிவிட்டது.

கோப்பில் ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதுவதை நிறுத்தியிருக்கிறோம். எழுத வேண்டுமானால், நோயாளி எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று அவரே சொன்ன காரணம் என்ன என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். காரணத்தைக் கேட்காமல் அந்த வரியை நிரப்ப முடியாது என்பதுதான் இந்த விதியின் பயன். பயிற்சி அட்டையை நோயாளியே குறிக்கும்படி, இடக்கையால் ஒட்டக்கூடிய பொட்டுகளாக மாற்றியிருக்கிறோம்.

அறுவை அரங்கில், நோயாளி விழித்திருக்கும்போது விரல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, முடிவுகளை அவரிடமே அவ்வப்போது சொல்வது என்ற பழக்கத்தை அறுவை மருத்துவர்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. நள்ளிரவு அவசர அறுவையில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அரங்கில் பாட்டுப் போட்டு நோயாளிக்கு ஹெட்போன் கொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

கவனிக்காமல் விட்டவை இரண்டு உண்டு. வீட்டுப்பொறுப்பை ஏற்றுப் பள்ளிக்கு இடைவெளி விட்ட மகளிடம் எங்களில் எவரும் தனியாகப் பேசவில்லை; பள்ளி ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்ததால்தான் அவள் திரும்பப் போனாள். மற்றவர், அன்று இயந்திரத்தை நிறுத்தி, விரலை எடுத்து, ஐஸில் போட்டுக் கொண்டுவந்த சக பணியாளர். அவர் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அவர் எங்கள் நோயாளி இல்லை என்பதால் எந்தக் கோப்பிலும் அவர் இல்லை. இப்போது விபத்துக்குள்ளானவரின் முதல் வருகையில், உடன் இருந்து பார்த்தவர் எவர் என்பதையும் சமூகப் பணியாளர் கேட்டு, அவருக்கும் 14416 எண்ணைச் சேர்ப்பிக்கச் சொல்கிறார்.